உடைப்பதா, ஒட்டுவதா: பழைய ஃபிளாட்டில் ஒழுகும் குளியலறை

கீழ் வீட்டு மாமி கதவைத் தட்டியது தை மாதம் இரண்டாவது வாரம். "ஒரு நிமிஷம் கீழ வந்து பார்த்துட்டுப் போங்கோ" என்றார். அவர் குளியலறைச் சீலிங்கில் தோசைக்கல் அளவுக்குக் காரை உப்பியிருந்தது. நடுவில் பழுப்புக் கறை, ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் குச்சி கட்டி, அதன் நுனியிலிருந்து சொட்டு. கீழே ஒரு அலுமினிய அடுக்கு. "பதினோரு செகண்டுக்கு ஒண்ணு. எண்ணிட்டேன்" என்றார் மாமி. ரிட்டயர்டு கணக்கு டீச்சர். சுமார் 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 400 மில்லி. அடுக்கை அளந்து பார்த்தபோதும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது.

எங்கள் கட்டடம் மேற்கு மாம்பலத்தில் 1988-ல் கட்டியது. தரைத்தளமும் மூன்று மாடியும். நாங்கள் இரண்டாவது மாடி, மாமி முதல் மாடி. குளியலறையில் அந்தக் காலத்து 6-க்கு 6 இஞ்ச் வெள்ளை டைல்ஸ், சுவருக்குள் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப்.

அந்த வாரமே மூன்று பேரை வரவழைத்தேன். முதலாமவர் வாசலில் நின்றபடியே, "மேல கெமிக்கல் அடிச்சிடலாம் சார், ஒரே நாள் வேலை" என்று 14,000 கேட்டார். இரண்டாமவர் மாமி வீட்டுச் சீலிங்கில் துளை போட்டுக் கீறலை அடைக்கும் மருந்து ஏற்றுவதாகச் சொல்லி 32,000. மூன்றாவதாக வந்த மேஸ்திரி ஒரு டைல்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மொத்தமா ஒடச்சுருவோம் சார், முப்பத்தஞ்சு வருஷத்துப் பொருளு" என்றார். 1,40,000, மூன்று வாரம். அவரவர் கையில் இருக்கும் சரக்குதான் அவரவர் சொன்ன நோய். எந்தத் தண்ணீர் ஒழுகுகிறது என்று மூவரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் எஞ்சினியர் இல்லை, வங்கியில் வேலை பார்த்தவன். 1,40,000 கேட்கிற இடத்தில் முதலில் ரசீது எங்கே என்று பார்ப்பது பழக்கம். அதனால் பன்னிரண்டு நாள் தவணை வாங்கினேன். மாமியும் ஒத்துக்கொண்டார், சொட்டு எண்ணும் வேலை தன்னுடையது என்ற நிபந்தனையோடு.

முதலில் அறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். பழைய ஃபிளாட்களில் குளியலறைக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் தளத்தை, அதாவது ஸ்லாப்பை, மட்டும் ஒரு அடி, ஒன்றரை அடி கீழே இறக்கிப் போட்டிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அதைத்தான். அந்தப் பள்ளத்தில் கழிவு பைப்பையும் டிராப்பையும் (வாடை மேலே வராமல் தண்ணீர் நிற்கும் வளைவு) வைத்து, மேலே உடைந்த செங்கலும் மணலும் கொட்டி, கலவை போட்டு, டைல்ஸ் ஒட்டுவார்கள். அதாவது நாம் நின்று குளிப்பது செங்கல் நிரப்பிய ஒரு தொட்டியின் மேல். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். டைல்ஸ் தடுத்தாலும் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் தடுக்காது, அது உறிஞ்சும். உண்மையில் தடுக்க வேண்டியது அந்தத் தொட்டியின் உட்புறம் பூசிய வாட்டர்ப்ரூஃபிங். அது கட்டும்போது ஒழுங்காகப் பூசப்பட்டதா என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

இதனால் இரண்டு சிக்கல். ஒன்று, கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று சொல்ல முடியாது. தொட்டிக்குள் போன தண்ணீர் ஸ்லாப்பில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே இறங்கும். இரண்டாவது இன்னும் மோசம். செங்கல் பஞ்சு மாதிரி. ஓட்டையை இன்று அடைத்தாலும் உள்ளே ஊறிய தண்ணீர் இரண்டு மூன்று வாரம் சொட்டும். இன்று ஒழுக ஆரம்பித்தாலும் கீழே தெரிய நாள் பிடிக்கும். அதனால்தான் ஒருவர் வேலை முடித்த மறுநாளே "இன்னும் சொட்டுதே" என்று அடுத்தவரைக் கூப்பிடுகிறோம்.

அடுத்து, என்ன தண்ணீர் என்ற கேள்வி. குளியலறையில் மூன்று தண்ணீர் இருக்கிறது. டேங்கிலிருந்து குழாய் வரை எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர், தரையில் இருக்கும் ஜாலி வழியாகக் கீழே போகும் கழிவுத் தண்ணீர், குளிக்கும்போது மட்டும் தரையிலும் சுவரிலும் படும் தண்ணீர். நாலாவதாக மழை. வடகிழக்குப் பருவமழையில் மட்டும் தலைகாட்டி, பொங்கலுக்குப் பிறகு காய்ந்துவிடும் ஓதம் என்றால் குளியலறையை விட்டுவிட்டு வெளிச்சுவரையும், பைப்கள் இறங்கும் டக்ட்டையும் பாருங்கள். தீபாவளி சமயத்திலும் சீலிங்கில் ஓதம் காத்ததாகவும், மழை என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் மாமி சொன்னார். தையில் மழை இல்லாமலே சொட்டியதால் மழையைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். அந்தத் தீபாவளி விஷயத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

எந்தச் சோதனை எதைச் சொல்லும்

காசு செலவில்லாத முதல் சோதனை, அறையைப் பூட்டுவது. வீட்டில் இன்னொரு குளியலறை இருந்தால் மூன்று நாள் அதில் குளியுங்கள். வால்வுகள் திறந்தே இருக்கட்டும். பைப்பில் ஓட்டை என்றால் யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் சொட்டு அதே வேகத்தில் விழும். குளிக்கும் தண்ணீர் என்றால் மெல்லக் குறையும். எங்களுக்கு மூன்று நாளில் 11 செகண்ட் 19 ஆனது. அதனால் டேங்க் லைன் மேலிருந்த சந்தேகம் குறைந்தது, தீர்ந்துவிடவில்லை.

டேங்க் லைனை உறுதியாகப் பார்க்க பிளம்பரின் பிரஷர் பம்ப் வேண்டும். குழாய் வாய்களில் டம்மி மூடி மாட்டி, கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். இதில் ஒரு எச்சரிக்கை. 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. மொட்டைமாடி டேங்கிலிருந்து இரண்டாவது மாடிக்கு வரும் அழுத்தம் 1 கிலோகூட இருக்காது. புது சி.பி.வி.சி. பிளாஸ்டிக் லைனுக்குப் போடுகிற 10 கிலோவை, போர் தண்ணீர் உப்பில் முப்பது வருஷம் அரித்த ஜி.ஐ. பைப்புக்கும் ஏற்றினால் இல்லாத ஒழுகலும் வந்து சேரும். 3 கிலோ போதும் என்று பிடிவாதமாக நின்றேன். முள் அசையவில்லை. "லைன் பக்கா சார்" என்றார் பிளம்பர். அவர் சொன்னதில் பாதிதான் உண்மை என்பது பிறகுதான் தெரிந்தது.

கழிவு பைப்பைச் சோதிக்கத் தரையை நனைக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு ஹோஸின் முனையை ஜாலிக்குள் ஒரு அடி இறக்கி, பத்து வாளித் தண்ணீர் விட்டோம். இரண்டு நாள் காத்திருந்தோம். சொட்டில் மாற்றமில்லை. கீழே விழும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்ப்பதும் நல்லது. சாக்கடை வாடை அடித்தால் டாய்லெட் லைன், சோப்பு நுரை நின்றால் குளித்த தண்ணீர். இரண்டும் இல்லாவிட்டால் ஒன்றும் முடிவு கட்ட முடியாது. செங்கல் நிரப்பல் ஓரளவு வடிகட்டிவிடும்.

அடுத்தது தேக்கிவைக்கும் சோதனை. ஜாலியை ஈரத்துணியும் பிளாஸ்டிக் பையும் வைத்து அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு, 24 மணி நேரம் விடுவது. எல்லோரும் சொல்லும் சோதனை இதுதான், நல்ல சோதனையும்கூட. ஆனால் 4-க்கு 6 அடி அறையில் ஒரு இஞ்ச் நிறுத்தினாலே 55 லிட்டருக்கு மேல். சிலர் வாசற்படி வரை நிரப்பச் சொல்கிறார்கள். கீழ் வீட்டில் ஆள் இருக்கும்போது அது வேண்டாத வேலை. சிலர் அதில் சொட்டு நீலம் கலக்கச் சொல்வார்கள். நீலம் கீழே இறங்கினால் குற்றம் நிரூபணம். இறங்காவிட்டால் விடுதலை என்று அர்த்தமில்லை, செங்கலும் மணலும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம். டைல்ஸ் இடுக்கு நீலமாவது மட்டும் நிச்சயம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் மெட்ராஸ் டெரஸ் வீட்டில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். அங்கே தரையைத் தாங்குவது கான்கிரீட் இல்லை, தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். ஏற்கெனவே நனைந்த உத்தரத்தின் மேல் வேண்டுமென்றே தண்ணீர் நிறுத்துவது ஆபத்து. உத்தரத்தின் நுனியை ஒரு தச்சர் ஆணியால் குத்திப் பார்ப்பது அங்கே முதல் வேலை.

எங்கள் தேக்கச் சோதனையில் 19 செகண்ட் 17 ஆனது. தரை கொஞ்சம் விடுகிறது, ஆனால் பெரிய குற்றவாளி அது இல்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு மாமி மேலே வந்தார். "ஒண்ணு கேக்கட்டுமா? உங்க பையன் லீவுக்கு வந்தா ஜாஸ்தியாறது. தீபாவளிக்கும் வந்தான், பொங்கலுக்கும் வந்தான்." பையன் திருச்சியில் ஹாஸ்டல். அவன் வந்தால் என்ன வித்தியாசம்? நானும் மனைவியும் வாளியும் மக்கும். அவன் ஒருவன்தான் ஷவரில் நிற்பவன், அதுவும் அரை மணி நேரம்.

ஷவர் என்றால் இரண்டு சந்தேகம் வரும். சுவரில் அடிக்கும் தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாகவும், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் மூடியிருக்கும் அந்த வட்டத் தகட்டின் பின்னாலும் உள்ளே போகலாம். அல்லது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்சர் குழாயிலிருந்து ஷவருக்கு ஏறும் பைப்பில் ஓட்டை இருக்கலாம். அந்தத் துண்டில் ஷவரைத் திறக்கும்போது மட்டும்தான் தண்ணீர். மிக்சரை மூடி வைத்துச் செய்த பிரஷர் டெஸ்ட் அந்தத் துண்டைத் தொடவே இல்லை. முள் நின்றது மிக்சர் வரைக்கும்தான்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி எளிது. ஷவர் தலையைக் கழற்றி, அந்த வாயில் ஒரு டம்மி மூடியை டெஃப்ளான் டேப் சுற்றி இறுக்கிவிட்டு, ஷவரைத் திறந்து வையுங்கள். பைப்பில் முழு அழுத்தமும் நிற்கும், டைல்ஸில் ஒரு துளியும் படாது. இரண்டு மணி நேரம் அப்படியே விட்டேன். மறுநாள் மாலை மாமி போன் செய்தார்: "ஆறு செகண்ட்." டம்மியின் விலை ஒரு தோசைக்கும் காபிக்கும் குறைவு. நான் பார்த்த சோதனைகளில் இதற்கு இணை இல்லை, வந்த மூவரில் ஒருவரும் இதைச் சொல்லவுமில்லை. சுவர்தான் காரணம் என்று சந்தேகித்தால் இதற்கு நேர்மாறாக, ஜாலி திறந்திருக்க, ஹோஸால் சுவரில் மட்டும் அடித்துப் பார்க்க வேண்டும்.

கருவிகள் பற்றியும் சொல்ல வேண்டும், இப்போது நிறையப் பேர் தெர்மல் கேமராவோடு வருகிறார்கள். அது தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் சூட்டைப் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து தெரியும். சென்னைப் புழுக்கத்தில் அந்த வித்தியாசம் சில நேரம் தெரியவே தெரியாது. கீசர் லைனில் சந்தேகம் என்றால் வெந்நீர் ஓடவிட்டுப் பார்க்க நன்றாக உதவும். ஈரமானியைச் சுவரில் வைத்தால் எல்லா இடத்திலும் சிவப்புதான் காட்டும். போர் தண்ணீர் உப்பு பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் அப்படித்தான். இரண்டையும் ஒரே சுவரின் இரண்டு இடங்களை ஒப்பிட மட்டும் நம்பலாம்.

இனி வைத்தியம்

காரணம் தெரிந்த பிறகு அந்த மூன்று விலைப்புள்ளிகளையும் எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி தெரிந்தன.

மேலே பூசும் கெமிக்கல் எங்கள் ஓட்டையை எட்டியே இருக்காது. தரை இடுக்கு மட்டும் காரணமாக இருந்தால்கூட எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வாரா வாரம் ஆசிட் ஊற்றித் தேய்க்கும் வீட்டில் எந்தப் பூச்சு எத்தனை நாள் நிற்கும்? இடுக்குச் சிமெண்ட் போனதற்குப் பாதிக் காரணமே அந்த ஆசிட்தான். அது உப்புக் கறையைக் கரைப்பதோடு சிமெண்டையும் கரைக்கிறது.

கீழிருந்து மருந்து ஏற்றுவது கெட்ட தொழில்நுட்பம் இல்லை. தண்ணீர் வரத்து நின்ற பிறகு, ஸ்லாப்பில் மிச்சமிருக்கும் கீறலை அடைக்க உபயோகப்படும். வரத்து இருக்கும்போதே ஏற்றினால் தொட்டியின் ஒரு ஓட்டையை அடைத்ததாகத்தான் ஆகும். தண்ணீர் இன்னொரு கீறலைத் தேடும், அல்லது பக்கவாட்டில் நம் படுக்கையறைச் சுவரில் ஓதமாக ஏறும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் நனைந்தபடியே இருக்கும்.

கம்பி விஷயம்தான் அவசரத்தைத் தீர்மானிக்கிறது. சீலிங்கில் வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும் என்றால் நேரம் இருக்கிறது. துருச் சிவப்பில் கோடு இறங்கினாலோ, காரை விழுந்து கம்பி தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அந்த நிலையில் பிளம்பருக்கு முன்னால் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வர வேண்டும். மாமி வீட்டில் கொத்தனாரை வைத்து உப்பிய காரையைத் தட்டி எடுத்துப் பார்த்தோம். பழுப்பு, காரையோடு நின்றிருந்தது. கம்பி தெரியவில்லை.

இருக்கிற டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது இப்போது நாகரிகம். குப்பை இல்லை, சத்தம் இல்லை. இரண்டு டைல்ஸுக்கும் நடுவில் வாட்டர்ப்ரூஃபிங் பூசிச் செய்தால் தரைத் தண்ணீருக்கு நியாயமான தீர்வு. ஆனால் தரை அரை இஞ்ச்சுக்கு மேல் உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டும், ஜாலியை உயர்த்த வேண்டும். பழைய டைல்ஸ் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால்தான் இதெல்லாம். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் அதன் மேல் ஒட்டுவது மணலில் வீடு கட்டுவது. சுவருக்குள் ஜி.ஐ. பைப்பை வைத்துக்கொண்டு அதன் மேல் இன்னொரு டைல்ஸ் ஒட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

மேஸ்திரி சொன்ன முழு உடைப்புதான் கடைசி வரை நிற்கும் வேலை, அதில் சந்தேகமில்லை. பள்ளத்தைக் காலி செய்து, ஸ்லாப்பைக் கழுவி, மூலைகளை வளைத்துப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங்கைச் சுவரிலும் ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு ஏற்றி, ஜி.ஐ.யைக் கழற்றிப் புது லைன் இழுத்து, டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான். பள்ளத்தின் அடியில் ஸ்லாப் மட்டத்தில் ஒரு வடிகால் பைப் வைத்து டக்ட்டுக்கு விடச் சொல்லுங்கள். நாளைக்கு எது கசிந்தாலும் கீழ் வீட்டுக்குப் போகாமல் வெளியே சொட்டிக் காட்டிக்கொடுக்கும். தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொள்ளல், கழிவு பைப்பே உடைசல், அல்லது இரண்டு மூன்று இடத்தில் ஜி.ஐ. ஓட்டை என்றால் வேறெதையும் யோசிக்காமல் இதற்குப் போகலாம் என்பது என் கணக்கு. ஒரே ஒரு ஓட்டைக்காக இதைச் செய்வது அப்படியல்ல.

நாங்கள் செய்தது இது. மிக்சருக்கு மேலே நேர்கோட்டில் ஆறு டைல்ஸை மட்டும் வெட்டி எடுத்தோம். பைப் வளையும் இடத்தில் மாட்டும் எல்போவின் மரையில் துரு தின்று, ஊசி முனை அளவு ஓட்டை. ஷவருக்கு ஏறும் துண்டு முழுவதையும் சி.பி.வி.சி.யாக மாற்றி, டம்மி போட்டு மறுபடி சோதித்த பிறகுதான் சுவரை மூடினோம். அதே 6-க்கு 6 வெள்ளை இப்போது கிடைக்காது. ஒரு நீலப் பட்டையாக வைத்துவிட்டோம், டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தரையும் கொஞ்சம் விடுகிறதே, அதற்கு எபாக்ஸி, தண்ணீர் உறிஞ்சாத பசைக் கலவை. பழைய ஒயிட் சிமெண்டைச் சுரண்டி எடுத்து, இடுக்கில் எபாக்ஸி நிரப்பி, சுவரும் தரையும் சேரும் மூலையில் சிலிகான். ஆனால் இதை உடனே செய்யவில்லை. ஊறிய தொட்டிக்கு மேல்மூடி போட்டால் உள்ளே இருக்கும் ஈரத்துக்குக் கீழ் வீட்டைத் தவிர வேறு வழி இருக்காது. மாசி முழுக்க அறையைப் பூட்டி, ஜன்னலைத் திறந்து, ஃபேன் வைத்துக் காயவிட்டோம். பொள்ளலாக இருந்த ஏழு டைல்ஸை எடுத்தே வைத்திருந்ததால் உள்ளே காற்றுப் போனது. பங்குனி தொடக்கத்தில் அவற்றைத் திரும்ப ஒட்டி, எபாக்ஸி போட்டாயிற்று. எல்லாம் சேர்த்து 23,000 சொச்சம். முழு உடைப்பைத் தள்ளிப் போட்டிருக்கிறோமே தவிர ஒழித்துவிடவில்லை. சுவருக்குள் மிச்சமிருக்கும் ஜி.ஐ. என்றைக்காவது கேட்கும்.

மாமியின் நோட்டில் இப்படி இருக்கிறது. எல்போ மாற்றிய மறுநாள் 7 செகண்ட். ஐந்தாம் நாள் 8. அன்றுதான் நானே கொஞ்சம் ஆடிப்போனேன், மேஸ்திரிக்குப் போன் போடக் கையை எடுத்தேன். பத்தாம் நாள் 21. பதினேழாம் நாள் 2 நிமிஷம். இருபத்துமூன்றாம் நாள் அடுக்கு காய்ந்து கிடந்தது. சீலிங்கில் காரை பூசிப் பெயிண்ட் அடிப்பது என் செலவு. கத்திரி வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு செய்வதாகப் பேச்சு. நடுவில் பையன் ஒரு வாரம் வந்துவிட்டுப் போனான், தினமும் அரை மணி நேரம் ஷவர். மாமி அடுக்கை இன்னும் எடுக்கவில்லை.